பியானோவுக்கு வகிடு எடுத்தவள்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் பட்டம் உண்டு. டாக்டரம்மாவின் பெயர்ப்பலகையில் பட்டங்கள் இடம் பற்றாமல் இரண்டாவது வரிக்கு இறங்கியிருக்கும். எஞ்சினியருக்கு அவரைவிட ஒன்று குறைவு. அந்த ஒன்றுக்கான வருத்தம் அவர் முகத்தில் எப்போதும் தெரியும். இவளுக்கு இருந்த ஒரே பட்டம் அவர்களாகப் பார்த்துக் கொடுத்ததுதான்: வகிடு அக்கா.

அவள் வேலையே அது. காலையில் யாராவது தங்கள் தலையைக் கொண்டுவந்து அவளிடம் ஒப்படைப்பார்கள். நீச்சல் தொப்பி மாதிரி ஒரு துணித்தொப்பியை மாட்டுவாள். அதில் முப்பத்திரண்டு ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு சின்ன உலோகக் கிண்ணம். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் முனை மழுங்கிய சிரிஞ்சை விட்டு, முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, தோல் தெரிந்ததும் ஒரு சொட்டு ஜெல் வைப்பாள். நடுவில் ஒரு முடி குறுக்கே கிடந்தால்கூட கம்ப்யூட்டருக்குக் காது கேட்காது. ஆக, ஒரு தலைக்கு முப்பத்திரண்டு வகிடு. அவள் வருவதற்கு முன்னால் எஞ்சினியரே இதைச் செய்துகொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆகும், காதிலெல்லாம் ஜெல் வழியும், வந்தவர்கள் எழுந்து போகும்போது அவருடைய பட்டங்களுக்குக் கொஞ்சமும் மரியாதை கொடுக்காமல் திட்டிவிட்டுப் போவார்கள். இவளுக்கு இருபது நிமிஷம் போதும்.

இத்தனையும் எதற்கு என்றால், பக்கத்துக் கூடத்தில் இருந்த கறுப்புப் பியானோவுக்காக. அதன் முன்னால் ஸ்டூல் கிடையாது. தொப்பி போட்டவர் நாலடி தள்ளிச் சாய்வு நாற்காலியில் கிடப்பார். மனசு ஓய்ந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் மிதக்கும்போது மூளையில் ஒரு மெதுவான அலை எழுமாம். அந்த அலை எழுந்தால் பியானோவின் கட்டை தானாகக் கீழே இறங்கும். அலை எவ்வளவு உயரமோ அதற்கேற்ற சுரம். யார் கையும் படாமல் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்குவதை முதல்முறை பார்ப்பவர்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாசிக்க வேண்டும் என்று முயற்சி செய்தால் பியானோ வாயே திறக்காது. கவனம் வந்தாலே அலை படுத்துவிடும். ஒருநாள் மேலதிகாரி ஒருவர் வந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு சுரம் வரவில்லை. மெஷின் பழுது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் சொட்டைத்தலை, ஜெல் வைக்க அதைவிடத் தோதான தலை கிடைக்காது. அப்படியும் வரவில்லை.

வகிடு அக்கா இங்கே வந்துசேர்ந்த கதை சின்னது. இருபத்துநாலு வருஷம் ஒரு பார்லரில் முடி வெட்டினாள். டாக்டரம்மா அங்கே வாடிக்கை. தலையில் கை வைத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். ஒருநாள் திடுக்கிட்டு விழித்து, "உங்க கையில அப்படி என்னதாங்க இருக்கு?" என்று கேட்டார்.

"சீப்பு, மேடம்."

அடுத்த மாதமே ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

கணவர் என்று ஒருவர் இருந்தார். இப்போதும் நல்லபடியாக இருக்கிறார், வேறொரு வீட்டில். இவள் தங்கையோடு இருந்தாள். தங்கைக்குத் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலை. பகலெல்லாம் ஊரார் திட்டுவதை வாய் திறக்காமல் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பாள். தலையணையில் தலை வைக்கும்வரை ஓயமாட்டாள். அக்கா "ம்" போட்டபடியே அரைக்கண்ணில் மிதக்கப் பழகியிருந்தாள். பியானோ வாசிக்க இதைவிடப் பெரிய பயிற்சி எந்தச் சங்கீதப் பள்ளியிலும் கிடையாது என்பது என் கருத்து.

ஆமாம், அவளும் வாசித்தாள். தினமும் எட்டரை மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சின்னத் தலைக்கான நீலத் தொப்பியைத் தன் தலையில் மாட்டிக்கொள்வாள். பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அவள் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். கண்ணை மூடினால் பார்லரின் தண்ணீர்த்தொட்டி வரும். பின்னால் சாய்ந்து கிடக்கும் தலைகள், ஈரமான முடி, விரலுக்குள் ஓடும் வெதுவெதுப்பு. யாருடைய தலை என்று தெரியாது. எல்லாத் தலையும் ஒரே தலையாகிக் கையில் கனக்கும். தூரத்தில் எங்கேயோ பியானோ ஒரு சுரத்தை விடும், யோசித்துவிட்டு இன்னொன்றை விடும். அது தான்தான் என்பதே மறந்துபோய், யார் இவ்வளவு நன்றாக வாசிக்கிறார்கள் என்று கேட்டபடி கிடப்பாள். ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு வாய்த்த பெரிய சந்தோஷம் அந்த அரைமணி நேரம்தான்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கூட்டுப்பாட்டில் நிற்க வைத்து, "நீ உதட்டை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று சொன்ன டீச்சர் இதைக் கேட்டிருக்க வேண்டும். ஆண்டுவிழா மேடையில் அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். கீழே உட்கார்ந்திருந்த அம்மா, "அத்தனை பேர் பாடினாலும் உன் குரல் எனக்குத் தனியாக் கேட்டுது" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். அந்தப் பாராட்டை மென்று முழுங்கியது இன்னும் அவள் தொண்டையில் இருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் லாரிக்காரர் வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது. சக்கர நாற்காலியில் அவரை மனைவி தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர், மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு ஒரே நாளில் சாய்ந்துவிட்டார். கை, கால், வாய் எதுவும் இல்லை. கண் பாதி மூடியே இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எந்த ஆஸ்பத்திரியிலும் உறுதியாகச் சொல்லவில்லை. மனைவி தையல்காரி, வீட்டு முன்னறையிலேயே கடை. அவள் மட்டும், இருக்கிறார் என்றாள். செவ்வாய்க்கிழமைதோறும் வந்தாள்.

வந்தால் பேச்சுத்தான். தங்கைக்குச் சரியான போட்டி.

"என்னங்க, வாசிங்க. நல்லா நினைச்சுக்குங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். வாசிங்க பார்ப்போம். நேத்து அந்த டீச்சரம்மா ஜாக்கெட்டுக்குக் கை பத்தலைன்னு திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க தெரியுமா... வாசிங்கன்னு சொல்றேன்ல."

நாலு செவ்வாய்க்கிழமை போயின. பியானோ மொத்தமாக ஆறேழு சுரம் விட்டிருக்கும், அதையும் எஞ்சினியர் கணக்கில் சேர்க்கவில்லை. லாரிக்காரருக்குப் பெரிய தலை. சிவப்புத் தொப்பிதான் பொருந்தும். வகிடு எடுக்கும்போது வகிடு அக்காவுக்கு ஒன்று தோன்றும். மனைவி அறைக்குள் நுழைந்து வாயைத் திறந்ததும், விரலுக்கடியில் அந்தத் தோல் ஒரு நூலளவு இறுகும். இருபத்துநாலு வருஷத்தில் எத்தனையோ தலை பார்த்தவளுக்கு அது புரியும். ஆனால் முடிவெட்டுக்காரி சொல்லை யார் எழுதி வைக்கப் போகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை தையல்காரி அரைமணி நேரம் முன்னதாகவே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பையன் போன் பண்ணினான்க்கா. அவன் ஊர்ல ஒரு இல்லம் இருக்காம், இப்படிப்பட்டவங்களைப் பார்த்துக்கறதுக்கு. இடம் சொல்லி வச்சுட்டானாம். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீ ஏன் உன்னையே வருத்திக்கறேங்கறான். அங்க போக ஆறு மணி நேரம்க்கா. கடையை விட்டுட்டு நான் எப்படி வாராவாரம் போறது?"

வகிடு அக்கா அப்போதுதான் தன் தலையிலிருந்து நீலத் தொப்பியைக் கழற்றி, கழுவிக்கொண்டிருந்தாள். அவசரம் அவசரமாக அதை ஜன்னலோரம் இருந்த தெர்மாகோல் தலையில் மாட்டினாள். அந்தத் தலைக்கு மாப்பிள்ளை என்று பெயர். வாய் திறக்காமல், போட்டதைப் போட்டுக்கொண்டு இருப்பதால் டாக்டரம்மா வைத்த பெயர். தையல்காரியைத் தேற்றி, லாரிக்காரருக்குச் சிவப்புத் தொப்பி போட்டு, வகிடு எடுத்து, அன்றைக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. எஞ்சினியர் புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டார்.

பியானோ வாசிக்க ஆரம்பித்தது.

ஒரு சுரம், பிறகு அதற்குப் பக்கத்துச் சுரம், திரும்பப் பழையது. ஊஞ்சல் போகிற மாதிரி போய்ப் போய் வந்தது. நடுவில் சற்று நிற்கும், மறுபடி அசையும். தையல்காரி பேச்சை அப்படியே நிறுத்திவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அவர்தான்! லாரியைப் பின்னால எடுக்கும்போது இப்படித்தான் சீட்டி அடிப்பார். இதேதான்க்கா!"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஞ்சினியர்கூடக் கண்ணாடியைக் கழற்றினார். இருபது நிமிஷம் அந்த அறையில் யாருக்கும் கால் தரையில் படவில்லை. தையல்காரி போனில் பதிவு செய்து மகனுக்கு அனுப்பினாள். மகன் நல்லவன், பிடிவாதக்காரனும் இல்லை. திங்கட்கிழமை நேரில் வந்து கேட்கிறேன், அப்பா வாசித்தால் இல்லம் வேண்டாம், வாசிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்தில் யாரும் இல்லை. வெயில் ஜன்னல் வழியாக நீளமாக விழுந்து கிடந்தது. வகிடு அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பியானோ வாசித்தது. ஒரு சுரம், பக்கத்துச் சுரம், திரும்பப் பழையது.

முதலில் அவள் சொக்கிப்போனாள். துண்டு மடியில் இருக்க, வெயிலில் தூசி சுற்றுவதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். கனவுக்குள் இன்னொரு கனவு கேட்கிற மாதிரி இருந்தது. பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். சாய்வு நாற்காலியில் ஆளில்லை. அவள் தலையில் தொப்பி இல்லை. மாப்பிள்ளை தலையில் ஈரமான நீலத் தொப்பி இருந்தது, ஃபேன் காற்றில் அதன் வயர்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.

எழுந்துபோய் ஃபேனை அணைத்தாள். வயர் நின்றது, பியானோவும் நின்றது. போட்டாள். வாசித்தது.

தொப்பிக்குப் பின்னால் பிடரியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் உள்ளே நடப்பதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. காலையில் தான் பார்த்து முடித்ததும் நீலத்தின் பெட்டியை அணைக்க வேண்டும், கம்ப்யூட்டரில் நீலத்தை எடுத்துவிட்டுச் சிவப்பைத் தொட வேண்டும். இரண்டும் அவள் வேலை. செவ்வாய்க்கிழமை தையல்காரி அழுதுகொண்டு வந்த அவசரத்தில் இரண்டையும் செய்யவில்லை. இன்றைக்கும் அசதியில் அப்படியே விட்டிருந்தாள். பியானோ அன்றைக்கு லாரிக்காரரைக் கேட்கவே இல்லை. ஈரத்தொப்பியின் வயர் ஆடியதை அலை என்று கேட்டிருக்கிறது.

ஃபேனை அணைத்தாள், நீலத்தின் பெட்டியையும் அணைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் சொன்னாள். தங்கை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள்.

"இங்க பாரு. திங்கக்கிழமை ஃபேனைப் போடு. வாயைத் திறக்காதே. அவ்வளவுதான்."

"நீயா வாயைத் திறக்காதேங்கற?"

"நான் சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும். ஒரு குடும்பம் சேர்ந்து இருக்கும்ல? யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு நஷ்டம் என்பதைத்தான் அவள் படுத்தபடி யோசித்தாள். தங்கை சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபேனுக்கு ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். எஞ்சினியருக்குத் தெரியப் போவதில்லை, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. சொன்னால் லாரிக்காரரை ஆறு மணி நேரத்துக்கு அப்பால் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். அதற்குக் காரணம் இவள். பிறகு அம்மா கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. உன் குரல் தனியாகக் கேட்டது என்று அம்மா பூரித்தபோது, தான் அங்கே இல்லாத மாதிரி இருந்தது அவளுக்கு. இருந்ததை யாரும் கேட்கவில்லை, இல்லாததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், எல்லோருமாகச் சேர்ந்து தெர்மாகோலைக் கேட்டு அழுதார்கள். அவருக்குத்தான் நஷ்டம். இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

சனிக்கிழமை காலை தையல் கடைக்குப் போனாள். முன்னறையில் மெஷின், சுவரில் மாட்டிய அளவு டேப், வெட்டுத்துணி நிரம்பிய கூடை. உள் கதவு திறந்திருந்தது. கட்டிலில் லாரிக்காரர் சாய்ந்திருந்தார். மெஷின் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும் என்று அந்தக் கதவை மூடுவதே இல்லையாம்.

"வாங்கக்கா! உட்காருங்க. அவருக்குப் புதுச்சட்டை தைக்கிறேன். மகன் வர்ற அன்னிக்குப் போட்டுக்கட்டும். காலர்தான் பாக்கி."

வகிடு அக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். நின்றபடியே, ஒன்றுவிடாமல், தன் தப்பு எது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

தையல்காரியின் கால் மிதியில் இருந்தபடியே நின்றுவிட்டது.

"அப்போ அந்தச் சீட்டி?"

"ஃபேன் காத்துங்க. வயர் ஆடினது."

"நான் அழுதேனே, அது?"

வகிடு அக்கா சுவரில் இருந்த அளவு டேப்பைப் பார்த்தாள்.

"நாப்பது பேருக்குப் போட்டுக் காட்டினேன்க்கா. துணி வாங்க வந்தவங்க எல்லாருக்கும்." குரல் தணிந்துதான் இருந்தது. "சொல்லாம இருந்திருக்கலாம்ல நீங்க?"

"இருந்திருக்கலாம். நேத்து ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன். உங்க வீட்டுக்காரர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்காம வேற எதையோ கேட்டு அழுதோம். அது எனக்குத் தாங்கலை."

தையல்காரி காலர் துணியை ஊசிக்கடியில் நேராக்கினாள். மெஷினை ஓட்டினாள். நிமிரவே இல்லை.

"நீங்க போங்கக்கா," என்றாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வகிடு அக்கா டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எஞ்சினியர் பாய்ந்தார்.

"நீலமா சிவப்பான்னு பார்க்கறதுக்குக்கூட எத்தனை தடவைங்க சொல்றது?"

"ஃபேனைப் போட்டது யாரு?" என்றார் டாக்டரம்மா. எஞ்சினியர் பெட்டிப்பாம்பாக அடங்கினார். ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தார்.

"சிவப்போட பெட்டியும் ஆன்லதான் இருந்திருக்கு. பியானோவுக்குத்தான் போகலை. அன்னிக்கு அவர் தலைக்குள்ள நடந்ததெல்லாம் தனியாப் பதிவாகியிருக்கு, மேடம்."

மூன்று பேரும் திரையில் குனிந்தார்கள். வகிடு அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் பார்த்தாள். முதல் இருபது நிமிஷம், பியானோவைப் போடுவதற்கு முன்னால் அவள் வகிடு எடுத்துக்கொண்டிருந்த நேரம். அலை பெரிது பெரிதாக, நிம்மதியாகப் போனது. நடுநடுவே மட்டும் சட்டென்று படுத்துக்கொண்டது.

"இங்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று டாக்டரம்மா அன்றைக்கு எடுத்த வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டார். அலை படுத்த இடத்திலெல்லாம் தையல்காரி பேசிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கைச் சிந்தப் போன இடங்களில் அலை எழுந்தது. பியானோ ஆரம்பித்ததும் ஒரேயடியாகப் படுத்தது. இருபது நிமிஷமும் கோடு நேராகக் கிடந்தது. மனைவி அழுத இடத்தில் அதைவிடவும் தட்டையாக.

எஞ்சினியர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அதான் அஞ்சு வாரமா ஒண்ணும் வரலை. அந்தம்மா வாசிங்க வாசிங்கன்னு பேசிக்கிட்டே இருக்காங்க. இவர் எப்படி வாசிப்பார்? இவர் கேட்டுக்கிட்டு இருக்கார்!"

வகிடு அக்கா தன் விரல்நுனிகளைப் பார்த்தாள். ஐந்து வாரமாக அவற்றுக்குத் தெரிந்த விஷயம்தான். அதைச் சொல்லாமல் இருந்ததற்காக அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். லாரிக்காரர் புதுச்சட்டையில் இருந்தார். காலர் கச்சிதமாக இருந்தது. மகன் அப்பாவின் தோள் அகலமும் அம்மாவின் மூக்குமாக இருந்தான். தையல்காரி வகிடு அக்காவைப் பார்க்காமலே சொன்னாள்.

"இவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது அவர் இல்லைன்னு சொல்லிட்டேன். இருந்தாலும் வண்டி ஏத்தறதுக்கு முன்னால ஒரு தடவை கூட்டிட்டு வரணும்னு தோணிச்சு."

வகிடு அக்கா சிவப்புத் தொப்பியைப் போட்டாள். அன்றைக்கு மட்டும் முப்பத்திரண்டு வகிட்டுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு போய் ஃபேனை அணைத்தாள். மாப்பிள்ளை தலையிலிருந்து நீலத் தொப்பியை எடுத்து, அதன் பெட்டியைக் கழற்றி, மகன் கையில் கொடுத்தாள்.

"இதை நீங்க வச்சுக்குங்க. இது உங்க கையில இருக்கற வரைக்கும் இந்தத் தொப்பி வாசிக்க முடியாது."

தையல்காரியிடம் டாக்டரம்மா, நான் கை காட்டும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். அவளுக்கு அதைவிடக் கடினமான காரியம் இந்த உலகத்தில் இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அறை அமைதியாயிற்று. புழுக்கமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு வண்டி போய்த் தேய்ந்தது. லாரிக்காரரின் அரைக்கண் எங்கேயோ தூரத்தில் இருந்தது, முன்னால் ஒரு நீண்ட சாலை கிடப்பது போல.

பியானோவில் ஒரு கட்டை இறங்கியது. அடிமட்டத்துச் சுரம். வெகுநேரம் ஒலித்து அடங்கியபின் இன்னொன்று. சீட்டி மாதிரி இல்லை, பாட்டு மாதிரியும் இல்லை. சுமை ஏற்றிய வண்டி அவசரமே இல்லாமல் போவது போல அது போய்க்கொண்டிருந்தது. தையல்காரியின் முகத்தில், இது யார் என்ற திகைப்புத்தான் இருந்தது. முப்பது வருஷம் அவர் தனியாக வண்டி ஓட்டிய நேரங்களில் எப்படி இருந்தார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்போதெல்லாம் பக்கத்தில் அவள் இல்லையே. வகிடு அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தன் காலை அரைமணி நேரத்தில் வரும் அதே வெதுவெதுப்பான தண்ணீர், வேறொரு பக்கத்திலிருந்து வருவது போல இருந்தது.

டாக்டரம்மா கை காட்டினார்.

பேசலாம் என்றதும் தையல்காரிக்குப் பேச்சு வரவில்லை. தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"என்னங்க," என்றாள். "காலர் உறுத்துதா?"

பியானோ நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எஞ்சினியர் விரல் விட்டு எண்ணினார். ஒன்பதாவதில் மறுபடி அடிமட்டத்துச் சுரம் இறங்கியது, வண்டி கிளம்பியது.

"அவசரத்துல தச்சேன். உறுத்தினா பிரிச்சுத் தர்றேன்."

நின்றது.

மகன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "தற்செயலா இருக்கும்," என்றான்.

"நீங்க கூப்பிட்டுப் பாருங்க," என்றாள் வகிடு அக்கா.

பியானோ மறுபடி ஆரம்பிக்கும்வரை அவன் காத்திருந்தான். ஆரம்பித்து, நாலைந்து சுரம் போனதும், நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான். சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

"அப்பா."

இறங்கிக்கொண்டிருந்த கட்டை பாதியில் மேலே வந்தது. நிசப்தம்.

எஞ்சினியர் எண்ணினார். ஒன்பது வந்தது, போனது. இருபது ஆயிற்று. பத்து விரலையும் இரண்டு தடவை விட்டபிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். மகன் பியானோவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பயந்துபோய் வகிடு அக்காவைப் பார்த்தான்.

"ஏன் திரும்ப வாசிக்க மாட்டேங்கறார்?"

அவள் லாரிக்காரரின் தலையில், தொப்பியின் விளிம்பில், விரல்களை வைத்தாள். தோல் நூலளவு இறுகியிருந்தது.

"அப்பான்னு கூப்பிட்டுட்டு நிறுத்திட்டீங்கல்ல," என்றாள். "மேல பேசுங்க. காத்துக்கிட்டு இருக்கார்."